உருகிய பாலாடைக்கட்டியும் ஒரு தேசத்தின் விருந்தும்

ஸ்விட்ஸர்லாந்து என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன பனிமலை, கைக்கடிகாரம், கழுத்தில் மணி கட்டிய பசு ஆகிய மூன்றுமேயாம். அந்நாட்டுக்குச் சென்று மீண்டவர்கள் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக் கூறுவர். மலைச்சரிவிலே மரத்தாற் கட்டிய ஒரு சிறு உணவு விடுதி. வெளியே பனி பொழிகிறது. உள்ளே மேசையின் நடுவில் சிறியதொரு சாராய விளக்கடுப்பு; அதன்மேல் கனத்த சட்டி; சட்டியிலே பாலாடைக்கட்டி உருகிக் குமிழியிட்டுக் கொண்டிருக்கிறது. சுற்றி அமர்ந்தவர்கள் நீண்ட முட்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அந்த ஒரே சட்டியில் தோய்த்து உண்கின்றனர். இதற்கு ஃபாண்ட்யூ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ‘உருகியது’ என்பதே அச்சொல்லின் பொருள்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்போன்றோருக்குப் ‘பாலாடைக்கட்டி’ என்னும் சொல்லின்மேல் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. பாலின்மேற் படியும் ஆடைக்கும் இப்பண்டத்துக்கும் உறவு மிகக் குறைவு. பாலை உறைய வைத்து, நீரை வடித்து, உப்பிட்டு, மாதக்கணக்கில் நிலவறையில் முதிரவிட்டு எடுப்பது இது. எனினும் சொல் வழக்கில் வேரூன்றிவிட்டது. நாமும் அதனையே ஆள்வோம்.

மலை விடுதிகளில் இவ்வுணவுக்கு ஒரு பூர்வ கதை சொல்வார்கள். பனிக்காலத்தில் கிராமங்கள் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடக்கும். இடையர் வீட்டில் எஞ்சுவன காய்ந்த ரொட்டியும் இறுகிய கட்டியுமே. இரண்டையும் உண்ணத்தக்கதாக்க அவர்கள் கண்ட வழியே ஃபாண்ட்யூ என்பது அக்கதை. கேட்பதற்கு இனிதாகவே இருக்கிறது. ஆனால் சரித்திரச் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன.

திராட்சை மதுவில் பாலாடைக்கட்டியைச் சமைக்கும் முறையைக் கூறும் பழைய குறிப்பொன்று 1699ஆம் ஆண்டின் கையெழுத்துச் சமையற் சுவடி ஒன்றில் உள்ளது. அது எழுதப்பட்ட இடம் மலைக் கிராமமன்று, ஸூரிக் நகரம். முதிர்ந்த க்ருயேர்க் கட்டி அந்நாளில் மலையுழவர் தாமே உண்டு தீர்க்கும் பண்டமாக இருக்கவில்லை. நெடுநாள் கெடாத அச்சரக்கு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் விலைபோயிற்று. உழைத்துச் செய்தவன் விற்றுப் பணமாக்க, நகரத்தில் வசதியுள்ளோர் அதை உருக்கி உண்டனர். தஞ்சைப் பக்கத்தில் உயர்ந்த நெல்லை விளைவித்தவன் அதை விற்றுவிட்டுக் கூழ் குடித்ததை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது.

ஒரு மூலையில் வழங்கிய இவ்வுணவு தேசிய உணவான வரலாறு இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்ட காலத்தில், பால் உற்பத்தியாளரும் கட்டி செய்வோரும் ஏற்றுமதி வணிகரும் சேர்ந்த ஓர் அமைப்பு அரசின் ஆதரவோடு அங்கே தோன்றியது. ஸ்விஸ் பாலாடைக்கட்டி யூனியன் என்பது அதன் பெயர். பாலுக்கு விலை நிர்ணயிப்பதும், எவ்வளவு செய்யலாம் என்று வரையறுப்பதும், செய்ததை வாங்கி விற்பதும் அதன் கையில் இருந்தன. எம்மெந்தால், க்ருயேர், ஸ்ப்ரின்ஸ் ஆகிய பெருவகைகளுக்கே அது முதலிடம் அளித்தது. பிற வகைகளைச் செய்துவந்தவர்களுக்கு இடம் குறுகிற்று. 1930களில் உலகெங்கும் வாணிபம் படுத்தபோது ஏற்றுமதி சுருங்கிக் கட்டிகள் தேங்கின. வெளிநாட்டார் வாங்காவிடில் உள்நாட்டாரை அதிகம் உண்ணச் செய்ய வேண்டும். ஒரு வேளையில் ஆளுக்கு 200 கிராம் கட்டியைச் செலவழிக்கும் உணவு வேறெது இருக்கிறது? யூனியனார் ஃபாண்ட்யூவைப் பிடித்துக் கொண்டனர். அதனைத் தேசத்தின் பொது உணவென்று விளம்பரம் செய்து, வட்டாரத்துக்கு ஒன்றாகப் பக்குவங்களையும் பரப்பினர். அண்டை நாடுகளில் சர்வாதிகாரம் தலையெடுத்த காலம் அது. நான்கு மொழி பேசும் ஸ்விஸ் மக்களுக்கு ‘இது நம்முடையது’ என்று சொல்லிக் கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. ஒரே சட்டியைச் சுற்றி அமரும் உணவைவிட அதற்குப் பொருத்தமான சின்னம் கிடைப்பதரிது.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீடு முடிந்த பின்னர் பிரசாரம் மேலும் வலுத்தது. 1950களில் ராணுவச் சமையற் புத்தகத்திலும் ஃபாண்ட்யூ இடம்பெற்றது. கட்டாய ராணுவப் பயிற்சிக்குச் சென்ற இளைஞர் அங்கே அதனைக் கற்று, வீடு திரும்பி மனைவி மக்களுக்குச் செய்து காட்டினர். ஃபாண்ட்யூ நல்லது, நல்ல உற்சாகத்தையும் தருவது என்னும் பொருள்பட அமைந்த விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகளைக் கோத்து ‘ஃபிகுகேகல்’ என்றொரு விந்தைச் சொல்லையே உண்டாக்கிவிட்டார்கள்! 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் சென்றவர்களும் ஸ்விஸ் கூடத்தில் இதனை உண்டனர். யூனியன் 1999இல் கலைக்கப்பட்டது. அது பரப்பிய வழக்கமோ நிலைத்துவிட்டது.

இதனால் ஃபாண்ட்யூ போலியானது என்று கூற நாம் துணியவில்லை. நம் சாம்பாரைச் சிவக்க வைக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்தது. காப்பி தமிழர் வீடுகளிற் பரவியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். அதைக் கண்டித்து எழுதியவர்களும் அந்நாளில் இருந்தனர். ஆயினும் யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரில், தை மாதக் குளிரில், பித்தளை வடிகட்டியில் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் மணம் அடுத்த வீட்டிலிருந்து வருமானால், அங்கே தமிழர் இருக்கிறார்கள் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். அம்முடிவு பெரும்பாலும் தவறுவதுமில்லை.

செய்முறையையும் சிறிது காண்போம். சட்டியின் உட்புறத்தைப் பூண்டால் தேய்த்து, வெள்ளைத் திராட்சை மதுவைச் சூடாக்கி, துருவிய கட்டியைச் சிறிது சிறிதாக இட்டுக் கிளறுகிறார்கள். க்ருயேரும் வாஷ்ரேன் என்னும் மென்கட்டியும் சமபங்கு சேர்ப்பது ஃப்ரிபூர்க் வட்டார மரபு. மதுவிலுள்ள புளிப்பும், கலந்து கொள்ளும் சிறிது சோளமாவும் கட்டி திரிந்து போகாமற் காக்கின்றன. மது உண்ணாதார் எலுமிச்சைச் சாற்றால் இக்காரியத்தை முடிக்கலாம். மரக்கறி உண்போர் கவனிக்க வேண்டியது வேறொன்று: க்ருயேர்க் கட்டிக்குப் பாலை உறைய வைக்கும் பொருள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. நம் நாட்டுத் தயாரிப்புகளில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து பெற்ற உறைபொருளே சேர்கிறது. உண்ணும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றில் கட்டி இறுகும் என்று சொல்லி, மதுவோ சூடான தேநீரோ பருகுவர். இதனை ஸூரிக் மருத்துவர்கள் 20 பேரைக் கொண்டு சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டனர். மது பருகியோருக்கு இரைப்பை காலியாவது தாமதித்தது. தேநீர் பருகியோருக்கு விரைந்தது. தேநீர்ப் பிரியர்களுக்கு இது நற்செய்தி. கடைசியில் சட்டியின் அடியிற் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் பொருக்கைச் சுரண்டி யாவரும் பகிர்ந்து கொள்வர். நம் வீடுகளில் நெய் காய்ச்சிய பாத்திரத்தின் அடிக்கசண்டுக்குக் குழந்தைகள் போட்டியிடுவது போன்றதே அது.

இவ்வுணவின் பிற்காலச் சரித்திரத்தில் தமிழருக்கும் ஓரிடம் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து புகலிடம் தேடி ஸ்விட்ஸர்லாந்து சென்ற தமிழர் பலருக்கு முதலிற் கிடைத்த வேலை உணவு விடுதிகளின் பின்கட்டில்தான். பாத்திரம் துலக்கினர்; காய் நறுக்கினர்; நாளடைவில் அடுப்பின் முன் நின்றனர். யாழ்ப்பாணத்தில் ஒடியற்கூழ் உண்டு வளர்ந்த கைகள் அங்கே கட்டியைத் துருவின. தொடக்கத்தில் அவர்களுக்கு இருந்த பெயர் நல்லதன்று. ரயில் நிலையங்களில் கூடி நின்ற இளைஞரைத் ‘தோற்சட்டைத் தமிழர்’ என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் 1980களில் ஏளனமாகக் குறித்தன. சில ஆண்டுகளுக்குள் அதே மக்களை, அயராத உழைப்பாளிகள், இவர்களின்றி விடுதிச் சமையலறைகள் நடவா என்று பேசத் தலைப்பட்டனர். இலங்கைத் தமிழ் வழியினர் இன்று அங்கே சுமார் 50,000 பேர் உள்ளனர்.

பிறர் விருந்தைச் சமைத்துக் கொடுத்தவர்கள் தம் உணவைக் கைவிடவில்லை. தலைநகரான பெர்னில் 2014 டிசம்பரில் ‘சமயங்களின் இல்லம்’ என்னும் கட்டடம் திறக்கப்பெற்றது. கிறிஸ்தவர், இஸ்லாமியர், பௌத்தர், அலவியர் ஆகியோரின் வழிபாட்டிடங்களோடு ஒரே கூரையின்கீழ்த் தமிழ்ச் சைவர்களின் கோயிலும் அங்கே இருக்கிறது. அவ்வில்லத்தின் உணவுச் சாலையில் தமிழர் சமைத்த மரக்கறி உணவை எந்நாட்டவரும் சென்று உண்ணலாம். அச்சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘வணக்கம்’.