தந்தி மறைந்தது, தந்தி முறை மறையவில்லை

நம் சங்க ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்து கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு அத்தகுதி உண்டோ என்று முதலில் தயங்கினோம். பின்னர், இரயிலும் தந்தியும் இந்நாட்டில் உடன்பிறந்தவை போல வளர்ந்தவை அல்லவா, ஊரிலிருந்து செய்தி நம் விஜயநகர் வீடுகளுக்கு வந்து சேரும் வரலாற்றை அறிந்த அளவில் கூறலாம் எனத் துணிந்தோம்.

நாம் சிறுவராயிருந்த நாளில், திருநெல்வேலிச் சீமையில் எம் பாட்டியார் மறைந்த செய்தி தந்தியாக வந்தது. தந்திக்காரரின் சைக்கிள் வாயிலில் நின்றதுமே, உறையைப் பிரிக்கும் முன்னர், தாயார் அழத் தொடங்கிவிட்டார். தந்தி கொடுத்த நாளைப் பார்த்த தந்தையார் ஒன்றும் பேசாமல் அமர்ந்துவிட்டார். ஊரில் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவளின் முகத்தை இறுதியாகக் காண இயலாத குறை அவர் உள்ளத்தில் கடைசி வரை இருந்தது. அத்தந்தி வழியில் எங்கே தங்கியது? இக்கேள்வியே நம்மை இவ்வரலாற்றின்பால் ஈர்த்தது.

இந்தியாவில் தந்திக்கு வித்திட்டவர் வில்லியம் ஓஷானசி என்னும் மருத்துவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். 1839-இலேயே கல்கத்தாவில் கம்பி கட்டிச் சோதனை செய்தார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்டு ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடியது. அவருக்குத் துணைநின்றவர் சிவசந்திர நந்தி என்னும் வங்காளியர். டாக்கா வழித்தடத்தில் செலவைக் குறைக்கப் பனைமரங்களைக் கம்பங்களாக நட்டும், மீன்பிடி படகுகளைக் கொண்டு பத்மா நதியில் கம்பியிறக்கியும் பணியாற்றியவர். 1855-இல் தந்தி பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

தந்தி எவ்வாறு பயணம் செய்தது? கிராமத்து அஞ்சலகத்தில் கொடுத்த செய்தி அருகிலுள்ள தந்தி அலுவலகத்துக்குச் செல்லும். அங்கு ஒருவர் அதனை எழுதிக்கொண்டு அடுத்த பெரிய நிலையத்துக்கு அனுப்புவார். அந்நிலையத்தில் முன்னே வந்த தந்திகள் குவிந்திருந்தால் அது முறைக்குக் காத்திருக்க வேண்டும். இவ்வாறு கை மாறிக் கை மாறி, ஒவ்வொரு நிலையத்திலும் சற்றே தங்கி, மைசூர் வந்து சேரும். பெறுதலும், தங்குதலும், மேலே அனுப்புதலுமே தந்தி முறை. அதில் யாதொரு கை தளர்ந்தாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

நிற்க. தொலைபேசியின் முறை வேறு. 1882 ஜனவரி 28-ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. பெங்களூரிலிருந்து மைசூருக்கு இரயில் வந்து சேர்ந்ததும் அதே 1882-இல்தான். இரயிலில் ஒற்றைப் பாதையில் பணிபுரிந்தவர்க்கு டோக்கன் முறை தெரியும். அடுத்த நிலையத்தார் கம்பி வழியே இசைவு தந்தால்தான் கருவியிலிருந்து டோக்கன் வெளிவரும். அது டிரைவர் கையில் உள்ளவரை இரு நிலையங்களுக்கும் இடையே வேறொரு டோக்கனை எடுக்க இயலாது. எனவே வேறு வண்டியும் உள்ளே நுழையாது. பழைய தொலைபேசியும் இத்தகையதே. மைசூரிலிருந்து மதுரைக்குப் பேசினால், பேச்சு முடியும்வரை அவ்வழி முழுவதும் நமக்கே ஒதுக்கப்படும். இருவரும் வாய்மூடி நின்றாலும் வழி பிறர்க்கில்லை. டிரங்க் காலுக்குப் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்ததன் காரணம் இதுவே. வழிகள் சில, கேட்போர் பலர்.

தொடக்கத்தில் இணைப்பகத்தில் அமர்ந்த பணியாளர் தம் கையாலேயே கம்பிகளை இணைத்தார். அவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் அமெரிக்கரான ஸ்ட்ரோஜர். 1891-இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1948-இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. தொழிற்சாலை எழுந்து தொலைபேசிக் கருவிகளைச் செய்யத் தொடங்கியது. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது. 1984-இல் தோன்றிய சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்கென ஆக்கிய 128 இணைப்புள்ள சிறு இணைப்பகம், 1986-இல் முதன்முதலாக அமைந்தது இக்கன்னட நாட்டின் கித்தூரிலேயாகும்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நம் கைபேசி பழைய தொலைபேசியின் பேரன் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது தந்தியின் பேரன்! இன்று நாம் அனுப்பும் எழுத்தும் படமும், நான்காம் தலைமுறை வலைப்பின்னலில் பேச்சும்கூட, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. சரக்கு வேகன்களை நினைத்துப் பாருங்கள். முன்பு ஒவ்வொரு வேகனிலும் சேருமிடம் எழுதப்பட்டிருந்தது. யார்டில் அதைப் பார்த்து வேறு வேறு வண்டிகளில் சேர்த்தனர். அவ்வாறே ஒவ்வொரு பொட்டலமும் முகவரி தாங்கிச் செல்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கருவி அதனைப் பெற்று, முகவரி பார்த்து, மேலே அனுப்புகிறது. எழுத்தும் படமுமாயின், சேருமிடத்திலுள்ள கருவி, வந்து சேராததை மீண்டும் கேட்டு வாங்கி, முறைப்படி அடுக்கித் தருகிறது. பெறுதல், தங்குதல், அனுப்புதல் என்னும் அதே தந்தி முறைதான்! முன்பு நாட்கணக்கில் தங்கியது, இன்று கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவாகத் தங்குகிறது. வழியை ஒருவருக்கே அடைத்து வைக்காததால், ஒரே கம்பியில் பல்லாயிரவர் பேச முடிகிறது.

அப்பொட்டலங்கள் செல்லும் கண்ணாடி இழைகளுள் ஒரு பகுதி இருப்புப்பாதையின் ஓரத்திலேயே புதைந்துள்ளது. 2000-இல் தொடங்கப்பட்ட ரெயில்டெல் நிறுவனம் அவ்வாறு 60,000 கிலோமீட்டருக்கு மேல் இழை பதித்துள்ளது. தந்தியோ 2013 ஜூலையில் விடைபெற்றது. இரயிலும் தந்தியும் பிரிந்தன என்று சிலர் வருந்தினர். பிரியவில்லை, பெயர் மாறி உடன் ஓடுகின்றன.

எனினும் அன்பர்களே, எத்துணை விரைவாகச் செய்தி ஓடினும் கடைசிக் கை மனிதர் கையே. பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க, நம் குடியிருப்பில் தனித்து வாழும் முதியோர் உளர். அவர்தம் மக்கள் தொலைவிலிருந்து அழைக்கின்றனர். மணி அடிக்கிறது. எடுப்பாரில்லை. அவ்வேளையில் இழையும் கோபுரமும் செய்வதற்கு ஏதுமில்லை. அடுத்த வீட்டார் எழுந்து சென்று கதவைத் தட்டினாலன்றிச் செய்தி நிறைவெய்தாது. எம் பாட்டியாரின் தந்தி எக்கையில் தங்கியதோ, அறியோம். நம் கையில் எதுவும் தங்கலாகாது. ஒவ்வொரு தெருவிலும் இருவர் இப்பொறுப்பை ஏற்று, தனித்திருக்கும் முதியோர் வீட்டு எண்களையும் அவர்தம் மக்கள் எண்களையும் சங்கத்தில் பதிந்து வைப்பார்களாயின், இவ்வாண்டு விழா பயனுடையதாகும் என்பது நம் பணிவான வேண்டுகோள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!