வலைத்தளம்: நிலைவகையும் இயங்குவகையும்

வியாபார ஸ்தாபனங்கள் தம் சரக்கையும் சேவையையும் அறிவிக்கும் பொருட்டு அமைத்துக்கொள்ளும் வலைத்தளங்கள் இரு வகைப்படும். முன்னரே எழுதி முடித்த பக்கத்தைக் கேட்பவர் யாவருக்கும் மாற்றமின்றிச் சர்வர் எடுத்தளிப்பது நிலைவகை. கேட்கும்போதெல்லாம் நிரலொன்று தரவுத்தளத்தை ஆராய்ந்து, பக்கத்தை அவ்வப்போது புனைந்து அனுப்புவது இயங்குவகை. திரையில் படங்கள் அசைவதற்கும் இப்பகுப்புக்கும் சம்பந்தமில்லை.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ஆம் ஆண்டின் இறுதியில் இயக்கிக் காட்டிய முதல் வலைத்தளம் நிலைவகையைச் சார்ந்ததே. எனினும் இயங்குவகை பிற்காலத்து வியாபாரிகளால் தோன்றியது என்பது பொருந்தாது. செர்னின் பெருங்கணினியிலிருந்த தொலைபேசி விவரத்தை வலைவழியே தேடுவதற்கு ஆரம்பத்திலேயே வழி செய்யப்பட்டிருந்தது; ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலாக, 1991 டிசம்பரில், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு நேர்முடுக்கி மையத்தில் பால் குன்ஸ் நிறுவிய சர்வரும், பௌதிக ஆய்வுரைகளின் அட்டவணையான ஸ்பைர்ஸ் தரவுத்தளத்தைத் தேடித் தரும் பொருட்டே எழுந்தது. ஆகவே இவ்விரண்டும் ஏறக்குறைய உடன்பிறப்புகள் என்பதே சரித்திரம் காட்டும் உண்மை.

1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான சி.ஜி.ஐ. முறை, சர்வர் வெளிநிரலை அழைத்து விடை பெறுவதற்குப் பொதுவிதி வகுத்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் நிரலைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தமையால், கூட்டம் மிகுந்தபோது சர்வர் திணறிற்று. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் நிரல்கருவியும், அவ்வாண்டே வந்த மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் இயங்குவகையை எளியோர்க்கும் எட்டச் செய்தன. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், நிரல் அறியாதவரும் தாமே எழுதி வெளியிட வழி திறந்தது. அதன் விளைவாக, வருஷத்துக்கு ஒருமுறைகூட மாறாத நான்கு பக்கத் தளங்களும் தரவுத்தளத்தைச் சுமக்கலாயின. இதற்கு மாற்றாக, பக்கங்களை ஒரேமுறை முன்கூட்டி உருவாக்கி வைக்கும் ஜெக்கில் என்னும் கருவியை டாம் பிரஸ்டன்-வெர்னர் 2008-இல் அளித்தார். அதற்கு முன்பே, 2001-இல் வெளிவந்த மூவபிள் டைப் என்னும் வலைப்பதிவுக் கருவியும் இவ்வழியே சென்றதுதான்.

சரக்கிருப்பு, விலை, முன்பதிவு, வாடிக்கையாளர் கணக்கு ஆகியவை நாழிகைதோறும் மாறும் தொழிலுக்கு இயங்குவகை இன்றியமையாதது. பல் வைத்தியசாலை, தணிக்கையாளர் அலுவலகம், கல்யாண மண்டபம் போல முகவரியும் நேரமும் சேவை விவரமும் தெரிவித்தால் போதுமான தொழில்களுக்கு நிலைவகையே தக்கது. சர்வரில் ஓடும் நிரலும் தரவுத்தளமும் இல்லாமையால் தளம் விரைந்து திறக்கும், வாடகை சொற்பம், புதுப்பிக்காமல் விட்ட பிளகின் என்னும் துணைநிரல் வழியே திருடர் புகும் அபாயமும் இல்லை. உரிமையாளர் தாமே வாசகத்தைத் திருத்த இயலாது என்று சொல்லப்படும் குறை, அரிதாகவே திருத்தம் வேண்டும் இத்தகைய தளங்களுக்குப் பொருட்டன்று. விசாரணைப் படிவத்தையும் பணம் செலுத்தும் வசதியையும் பிற நிறுவனங்களின் சேவையைக் கொண்டு நிலைத்தளத்திலேயே இணைக்கலாம். இரு வகையையும் கலந்த முறைகளும் இக்காலத்தில் வழங்குகின்றன.