எல்லையும் காலமும்: திருகோணமலைக் கடலும் மின்காந்தக் கணிப்பும்

1942 ஏப்பிரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ராடார்வழி முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. 9ஆம் திகதி திருகோணமலையை நோக்கி வந்தவற்றையோ அங்கிருந்த ராடார் நிலையம் முன்னதாகவே கண்டுகொண்டது. இவ்வேறுபாட்டைக் கருவியின் திறன் கொண்டு மட்டும் விளக்குதல் போதாது. ராடாரின் துடிப்பு நேராகவும் கடற்பரப்பிற் பட்டுத் தெறித்தும் செல்கின்றது. இரண்டும் கூடுமிடத்து வலுப்பெறுகின்றது, கழியுமிடத்து நலிகின்றது. எனவே கருவியின் பார்வையை நிர்ணயிப்பதிற் கடலுக்கும் பங்குண்டு.

இதனைக் கணித்தறிய மக்ஸ்வெல் 1865இல் வெளியிட்ட சமன்பாடுகள் மட்டும் போதா. தொடக்க நிலையும் எல்லை நிபந்தனைகளும் வேண்டும். 1966இல் கேன் யீ வெளியைச் சிறு கட்டங்களாகவும் காலத்தைச் சிறு படிகளாகவும் பகுத்துக் கணிக்கும் முறையை வகுத்தார். இன்றைய மென்பொருள்கள் பல இதன் வழிவந்தவை. ஒவ்வொரு காலப்படியிலும் விளிம்பின் நிலை யாது எனக் கூறியாக வேண்டும். நிறைகடத்தியின் பரப்பிற் பரப்பொட்டிய மின்புலம் சுழியமாகும். அலை புகும் முகப்பில் துடிப்பின் பெறுமானம் காலத்தின் சார்பாக ஊட்டப்படும். வெளிவிளிம்போ அலையை வெளியேற விடவேண்டும். இன்றேல் அது கண்ணாடியாகி, இல்லாத எதிரொலியைப் பிறப்பிக்கும். 1981இல் மூரும் 1994இல் பெரெஞ்சேயும் இதற்குத் தீர்வுகள் தந்தனர்.

ஆயின் எக்காலம் என்ற வினா எஞ்சுகின்றது. நூறு கிலோமீற்றரைத் துடிப்பு ஏறத்தாழ 333 மைக்குரோசெக்கனிற் கடக்கும். அவ்வளவிற் கடற்பரப்பு உறைந்து நிற்பதாகக் கொள்ளுதல் தகும். திரை செக்கன்களில் மாறும். வற்றுப்பெருக்கு மணிக்கணக்கில் மாறும். வாடைக்காற்றின் கொந்தளிப்பு மாதக்கணக்கிற் கடலின் முகத்தையே மாற்றும். ஒரு துடிப்புக்குப் பொருந்திய உறைந்த எல்லையை ஓராண்டுக்கும் உரியதாக்கினால் விடை பிழைக்கும். எதனை மாறாததாகக் கொள்வது என்பதைச் சமன்பாடு கூறுவதில்லை. கணிப்பவரே முடிவு செய்கின்றார்.

அம்முடிவுக்கும் சமூக அடித்தளம் உண்டு. 1795இல் பிரித்தானியர் கைப்பற்றிய இத்துறைமுகத்தின் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் 15இலேயே இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பேரரசுப் போரின் தேவையே இங்கு ராடாரை நிறுத்தியது. பருவந்தோறும் இடம்பெயர்ந்து வாடியமைக்கும் மீனவர், கடலின் எல்லை காலத்தோடு மாறுவதைத் தம் உழைப்பாற் கண்டவர்கள். எனினும் அறிவியல் வரலாறு அவர்களை அறிவோராகக் கொள்வதில்லை. மாறும் எல்லையை நிலையானதென மயங்குவோர்க்குக் கணிப்பிலாயினும் வரலாற்றிலாயினும் கேட்பது பொய்யெதிரொலியே.