பழைய சுமோ, சஃபாரி, பொலேரோவை உயர்த்தலாமா? டயர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் வயலும் சாலையும் ஒன்றாகக் கிடந்தன. அப்படியொரு மழைக்காலம் வந்து போனாலே மெக்கானிக் ஷெட்டுகளில் ஒரு கேள்வி எழும்: "வண்டியைக் கொஞ்சம் தூக்கி, பெரிய டயர் போட்டுடலாமா?"

டெல்டாவில் பழைய எஸ்.யூ.வி.களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. 1994-ல் வந்த டாடா சுமோ, 1998-ல் வந்த சஃபாரி, 2000-ல் வந்த மஹிந்திரா பொலேரோ என எல்லாமே நெல் மூட்டையும் ஏற்றும், குடும்பத்தையும் ஏற்றும். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய இந்த வண்டிகளின் உயரத்தை மாற்றுவது பாதுகாப்பானதா? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

தூக்குவதா, பழைய உயரத்துக்குக் கொண்டு வருவதா?

இரண்டும் வேறு வேறு. ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த ஸ்பிரிங் தளர்ந்து, வண்டி தானாகவே தாழ்ந்துவிடும். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் மூட்டை ஒன்று 40 கிலோ. பத்து மூட்டை ஏற்றினால் 400 கிலோ, அதுவும் பெரும்பாலும் பின் அச்சின் மீது. அப்படித் தாழ்ந்த வண்டியை நிறுவனம் கொடுத்த உயரத்துக்கே கொண்டு வருவது பழுதுபார்ப்பு. அதைத் தாண்டி ஏற்றினால்தான் மாற்றம்.

அதனால் முதல் வேலை அளப்பது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, பாரத்தை இறக்கிவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடிக்க வேண்டும். இடது, வலது இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம்.

டார்ஷன் பார்: ஒரு போல்ட்டில் இருக்கும் விஷயம்

பழைய சஃபாரியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் எனப்படும் நீளமான எஃகுக் கம்பி முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும். அதன் ஒரு முனையில் உயரம் சரிசெய்யும் போல்ட் இருக்கும். "ரெண்டு சுத்து சுத்தினா வண்டி ஏறிடும்" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

வண்டி ஏறும் என்பது உண்மைதான். ஆனால் கம்பி புதுசாகிவிடாது, அதன் பலமும் கூடாது. அதே கம்பியை வேறு கோணத்தில் நிறுத்துகிறோம், அவ்வளவுதான். அளவுக்கு மீறி முறுக்கினால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடைவெளி குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்று இடிக்கும். பால் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் முன் ஆக்சில் ஜாயின்ட்டும் கோணல் மாணலாகச் சுழலும்.

செய்யும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தின் எடையை இறக்கிய பிறகே போல்ட்டைத் திருப்ப வேண்டும். திருப்பும் முன் பழைய நிலையைக் குறித்து வைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டியை இறக்கி, சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிய பிறகே மறுபடி அளக்க வேண்டும். இறக்கிய உடனே அளந்தால் அளவு தவறும். கடைசியில் வீல் அலைன்மென்ட் கட்டாயம். முன்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதையும் இறக்கி வைக்க வேண்டும்.

கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல், உப்புக்காற்று. தரங்கம்பாடி, பொறையார் பக்கம் ஓடும் வண்டிகளில் இந்தப் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஆச்சரியமில்லை. மரை தேய்ந்த போல்ட்டை மல்லுக்கட்டித் திருப்பக்கூடாது. மாற்றிவிடுவதே நல்லது.

பின்பக்கப் பட்டை

பொலேரோவின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை. தளர்ந்த பட்டையை மறுபடி வளைத்துப் பொருத்தித் தருவார்கள். செலவு குறைவு, ஆனால் பழைய இரும்பு மறுபடி தளரலாம். புது செட் போடுவது கூடுதல் காலம் தாங்கும்.

கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் வண்டி நிமிரும். வெறும் வண்டியாகப் போகும்போது முதுகை உலுக்கும். பட்டை கூடியதால் வண்டி சுமக்கும் திறன் கூடிவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. அச்சும் பிரேக்கும் டயரும் பழையதுதான். பட்டையைக் கழற்றும்போது யூ போல்ட், புஷ், ஷாக் அப்சர்பர் மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

தூக்கினால் அடி தட்டாதா?

பலரும் ஏமாறும் இடம் இது. பொலேரோ போன்ற வண்டியில் பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் பின்பக்கத்தில் தரைக்கு மிக அருகில் இருப்பது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் ஏறும், அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயரின் விட்டம் மட்டுமே.

டயர் எண்ணை எப்படிப் படிப்பது?

பொலேரோவின் 215/75 ஆர்15 அளவை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயர சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் சுமார் 703 மி.மீ.

இதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 733 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ. ஆனால் வண்டி ஏறுவது அதில் பாதி, 15 மி.மீ. மட்டுமே. பதிலுக்கு ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது முன்பைவிட 4 சதவீதம் கூடுதலாக, சுமார் 83 கி.மீ. வேகத்தில் வண்டி போகும். பிக்கப் குறையும், திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம். விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது பொதுவான கணக்கு. இது அதைத் தாண்டுகிறது.

அளவுக்கு அடுத்து வரும் எண் சுமைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 105 என்றால் 925 கிலோ. நிறுவனம் சொன்னதைவிடக் குறைந்த எண் வாங்கவே கூடாது.

எச்.டி., ஏ.டி., எம்.டி. எது சரி?

எச்.டி. தார்ச்சாலைக்கானது. எம்.டி. சேற்றுக்கானது, அதன் அகலமான பள்ளங்கள் டெல்டாவின் ஒட்டும் களிமண்ணை உதறித் தள்ளும். ஆனால் தார்ச்சாலையில் சத்தம் போடும், டீசல் குடிக்கும், ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் தள்ளிப்போய் நிற்கும். ஏ.டி. இரண்டுக்கும் நடுவில்.

பெரும்பாலும் சாலையிலும், எப்போதாவது வாய்க்கால் கரையிலும் போகும் வண்டிக்கு எச்.டி. அல்லது ஏ.டி. போதும். ஒரே அச்சில் இரண்டு விதமான டயர் கூடாது. நான்கு சக்கர இயக்க வண்டியில் நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஸ்டெப்னியை மறக்கக்கூடாது.

பட்டன் தேயாத டயர் நல்ல டயரா?

அப்படிச் சொல்ல முடியாது. கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது விதி. ஆனால் வெயிலில் நின்றே கிடக்கும் வண்டியில் பள்ளம் அப்படியே இருக்க, பக்கச் சுவர் வெடித்திருக்கும். டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. ஐந்து வருஷம் தாண்டினால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து வருஷம் தாண்டினால் கழற்றிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போதும், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இந்த மாற்றம் தலைவலியாகலாம்.

உயர்த்திய வண்டி வெள்ளத்தில் போகுமா?

ஸ்பிரிங்கைத் தூக்கினாலும் இன்ஜின் காற்றை இழுக்கும் குழாய் சில அங்குலமே ஏறும். அதில் தண்ணீர் புகுந்தால் இன்ஜின் போச்சு. சுமார் 60 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீர், எஸ்.யூ.வி.யையும் இழுத்துச் சென்றுவிடும் என அமெரிக்க தேசிய வானிலை சேவை எச்சரிக்கிறது. உயரம் கூடக் கூட, வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும்.

ஆகவே தளர்ந்த ஸ்பிரிங்கைப் பழைய உயரத்துக்குக் கொண்டு வந்து, நிறுவனம் சொன்ன அளவில் நல்ல டயர் போட்டு, அலைன்மென்ட் பார்த்தாலே வண்டி பாதிக்கு மேல் சரியாகிவிடும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது மட்டும், எந்த டயர் போட்டிருந்தாலும் இக்கரையில் நிற்பதே நல்லது.