முக்குளிக்கும் சீழ்க்கைச் சிறகி: அடையாளம் காண்பது எப்படி?

ரஹாங், சிரம்பான் வட்டாரத்துக் குட்டைகளில் மூழ்கி எழும் பறவை எல்லாம் வாத்து அல்ல. வாத்தென்று பலர் நினைக்கும் முக்குளிப்பான் வேறு இனம். அது ஒரு சாணைவிடச் சற்றே பெரியது. வாலே இல்லாததுபோல் தெரியும். ஆபத்து என்றால் பறக்காது, சட்டென்று மூழ்கிவிடும்.

தீபகற்ப மலேசியாவில் உண்மையிலேயே முக்குளித்து இரை தேடும் உள்ளூர் வாத்து சீழ்க்கைச் சிறகி. மலாயில் பெலிபிஸ். சுமார் 40 செ.மீ. நீளம், பழுப்பு உடல், கருத்த உச்சந்தலை, நீண்ட கழுத்து, கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம். ஆண், பெண் இரண்டும் ஒரே தோற்றம். பறக்கும்போது தலையைத் தாழ்த்தி, கால்களைப் பின்னால் நீட்டியிருக்கும். வாலின் அடிப்பகுதியில் செம்பழுப்பு தெரியும். இவை எதுவும் தெரியாத இருட்டிலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும்: பறந்தபடியே இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும். பெயர்க் காரணமும் அதுதான்.

வட அமெரிக்காவின் கேன்வாஸ்பேக் போன்ற முக்குளி வாத்துகளுக்குக் கால்கள் உடலின் பின்பகுதியில் அமைந்திருக்கும். நீந்த வசதி, நடக்கச் சிரமம். நீரின்மேல் ஓடித்தான் மேலெழும்பும். சிறகி அப்படியல்ல. நீண்ட கால்களால் தரையில் நன்றாக நடக்கும், மரக்கிளையிலும் உட்காரும்.

மரம் இதற்கு முக்கியம். மரப்பொந்திலோ, காகம், கொக்கு விட்டுப்போன பழைய கூட்டிலோ, சில வேளை நாணல் புதரிலோ 7 முதல் 12 முட்டைகள் இடும். தாயும் தந்தையும் மாறி மாறி 22 முதல் 24 நாள்வரை அடைகாக்கும். பட்டுப்போனது என்று பொந்துள்ள முதுமரத்தை வெட்டுவதும், பழைய ஈயக் குட்டையை மண் கொட்டி மூடுவதும் இவற்றின் வீட்டையே எடுத்துவிடுவதாகும். உலக அளவில் உடனடி அழிவு ஆபத்து இல்லை என்றாலும் எண்ணிக்கை குறைந்துவருவதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பதிவு செய்துள்ளது.

புதரோரம் குஞ்சுகள் தனியாகத் தெரிந்தால் வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். தாய்ப்பறவை பெரும்பாலும் அருகிலேயே ஒளிந்திருக்கும். காயம்பட்ட பறவை என்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிக்கலாம்.

நேரில் பார்க்க விரும்புவோர் டெங்கில் அருகேயுள்ள பாயா இண்டா சதுப்பு நிலத்துக்குப் போகலாம். அதுவும் ஒரு காலத்து ஈயச் சுரங்க நிலமே. காலையிலேயே போவது நல்லது. பகலில் கூட்டமாக ஓய்வெடுக்கும் சிறகிகள், பொழுது சாய்ந்ததும் இரை தேடிக் கிளம்பிவிடும்.