சென்னைப் புறநகரில் மேயர் பதவி: ஆவடி, தாம்பரம் மாநகராட்சிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சென்னையின் மேயர் பதவி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட தொன்மை உடையது. சென்னையின் எல்லையை ஒட்டி வளர்ந்த ஆவடிக்கும் தாம்பரத்திற்கும் அப்பதவி 2022ஆம் ஆண்டில்தான் வாய்த்தது. அதுவரை புறநகர் மக்கள் உள்ளாட்சித் தலைமை இன்றி இருந்தனர் என்பது இதன் பொருளன்று. நகர்மன்றத் தலைவர், பேரூராட்சித் தலைவர் என்னும் பெயர்களில் அவர்களுக்கெனத் தலைமை இருந்தது. எனவே புறநகர் மேயர் பதவியைத் தலைநகர் மேயர் மரபின் நீட்சியாக மட்டும் காண்பது போதாது. அது எவ்வகைப் பதவிகளின் இடத்தில் தோன்றியது, யாருடைய இசைவோடு தோன்றியது, யாருக்கு வழிவிட்டது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

தலைநகரின் மேயர் மரபு

1687 டிசம்பர் 30ஆம் நாளிட்ட சாசனத்தின்படி அமைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி, 1688 செப்டம்பர் 29 அன்று செயற்படத் தொடங்கியது. நதானியல் ஹிக்கின்சன் அதன் முதல் மேயர் ஆவார். பிற்காலத்தில் வழக்கொழிந்த மேயர் என்னும் பெயர் 1933இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது, குமாரராஜா மு. அ. முத்தையா செட்டியார் அப்பதவியை ஏற்றார். அதன்பின் மன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை நிலைபெற்றது. பட்டியல் இனத்தவரான ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937இலும், முதல் பெண் மேயராகத் தாரா செரியன் 1956இலும் தேர்வானமை இம்முறையின் குறிப்பிடத்தக்க நிகழ்வுகளாகும். எனினும் இத்தேர்வுகள் சட்டத்தின் கட்டாயத்தால் நிகழ்ந்தவை அல்ல. மன்ற உறுப்பினர்களின் விருப்பத்தைச் சார்ந்தே நிகழ்ந்தவை.

1973இல் சென்னை மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த 23 ஆண்டுகள் தலைநகருக்கு மேயர் இல்லை. 1996இல் மக்கள் நேரடியாக வாக்களித்த தேர்தலில் மு. க. ஸ்டாலின் மேயரானார். ஆகவே தொன்மை மிக்க இப்பதவியும் தொடர்ச்சி உடையதன்று. மாநில அரசின் முடிவுக்கு உட்பட்டே அது இருந்துவந்துள்ளது.

நகர்மன்றத் தலைவர்கள்: புறநகரின் மரபு

புறநகரின் வரலாறு வேறு தடத்தில் சென்றது. 1931இல் கடற்கரை – தாம்பரம் இருப்புப்பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. குடியிருப்புகள் பெருகிய நிலையில், 1964இல் தாம்பரம் நகராட்சி ஆயிற்று. பல்லாவரம், ஆலந்தூர், அம்பத்தூர், ஆவடி ஆகியனவும் தத்தம் நகராட்சி மன்றங்களைப் பெற்றன. இவற்றின் தலைவர்களுக்கு மேயர் என்னும் பட்டம் இல்லை. ஆயினும் குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, சாலை ஆகிய அன்றாடத் தேவைகளுக்கு மக்கள் முறையிடும் இடம் அவர்களுடையதாகவே இருந்தது.

இப்பதவியின் ஆற்றலுக்கு ஆலந்தூர் தக்க சான்றாகும். 1996இல் தலைவரான ஆர். எஸ். பாரதியின் காலத்தில் அங்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. குடியிருப்பு ஒன்றுக்கு 5,000 ரூபாய் என மக்களிடமிருந்தே முன்பணம் திரட்டப்பட்டது. இணைப்பு கிடைக்கும் முன்னரே பணம் செலுத்துமாறு மக்களை இணங்கச் செய்வது, தெருவறிந்த தலைமைக்கே இயலும். உள்ளாட்சித் தலைமையின் வலிமை பட்டத்தால் அன்றி அணுக்கத்தால் அமைகிறது என்பதை இத்திட்டம் உணர்த்துகிறது.

2011: தலைநகருக்குள் கரைந்த மன்றங்கள்

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் ஆகியவை அதனுள் இணைந்தன. ஆலந்தூர், அம்பத்தூர், திருவொற்றியூர் போன்ற நகராட்சிகள் மண்டலங்கள் ஆயின. அம்மக்களுக்கு மேயர் ஒருவர் கிடைத்தார். ஆனால் தமக்கே உரிய நகர்மன்றத் தலைவரை இழந்தனர். வட்டங்களின் எண்ணிக்கை 155இலிருந்து 200 ஆக மட்டுமே உயர்ந்தமையால், பரப்பின் வளர்ச்சிக்கு ஈடாகப் பிரதிநிதித்துவம் வளரவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

ஆவடியும் தாம்பரமும்: மன்றம் இல்லாக் காலத்தின் மாநகராட்சிகள்

அடுத்த கட்டத்தில் வேறு வழி பின்பற்றப்பட்டது. புறநகரைச் சென்னையுடன் இணைப்பதற்கு மாறாக, தனி மாநகராட்சிகள் உருவாக்கப்பட்டன. 2019 ஜூனில் ஆவடி நகராட்சி தரம் உயர்த்தப்பட்டது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றிணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின.

இவ்விரு நிகழ்வுகளின் காலப் பின்னணி முதன்மையானது. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதத்தில் மன்றங்களின் பதவிக்காலமும் முடிவுற்றது. அன்றுமுதல் 2022 வரை தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்கள் நிருவகித்தனர். ஆகவே தாம்பரத்துடன் ஒன்றிணைந்த பத்து அமைப்புகளில் ஒன்றிலேனும், இணைப்பைப் பற்றி விவாதித்துத் தீர்மானம் இயற்ற மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. பத்துத் தலைவர் பதவிகளின் இடத்தில் ஒரு மேயர் பதவி தோன்றியது. அந்தப் பதின்மருள் ஒருவர்கூட அப்போது பதவியில் இல்லை. பதவிக்காலம் முடியும் முன்னரே தேர்தல் நடத்தப்பெற வேண்டும் எனக் கூறும் அரசமைப்பின் 243 உ பிரிவு, மன்றம் இல்லாத இடைவெளியைத் தவிர்க்கவே இயற்றப்பட்டது. அத்தகைய இடைவெளியிலேயே புறநகரின் இந்த எல்லை மாற்றம் நிகழ்ந்தது.

தேர்தல் முறையும் இடஒதுக்கீடும்

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அரசமைப்பு மாநிலச் சட்டத்திற்கே விட்டுள்ளது. தமிழகத்தில் அம்முறை அடிக்கடி மாறியது. 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். 2006இல் மன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். 2016இல் மறைமுகத் தேர்தலுக்கு வழிசெய்யப்பட்டது. 2018இல் நேரடி முறைக்குத் திரும்பிய சட்டம், 2019இல் மீண்டும் மறைமுக முறையை ஏற்றது. எனவே ஆவடி, தாம்பரம் ஆகியவற்றின் மக்கள் தம் முதல் மேயருக்கு நேரடியாக வாக்களிக்கவில்லை. 2022 பிப்ரவரி 19இல் வட்ட உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். ஆவடியில் 48 உறுப்பினர்களும் தாம்பரத்தில் 70 உறுப்பினர்களும் கொண்ட மன்றங்கள் மார்ச் 4இல் மேயர்களைத் தேர்ந்தெடுத்தன.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. ஆவடி மேயர் பதவி பட்டியல் இனத்தவர்க்கும், சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் பட்டியல் இனப் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டன. ஆவடியில் கு. உதயகுமாரும், தாம்பரத்தில் 25 வயதினரான க. வசந்தகுமாரியும் பதவியேற்றனர். 1937இல் உறுப்பினர்களின் விருப்பத்தால் அமைந்த வாய்ப்பு, 2022இல் சட்டப்படியான உரிமை ஆயிற்று. தலைநகரில் பட்டியல் இனப் பெண் ஒருவர் மேயராவதற்கு 1688 முதல் 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. தாம்பரத்திலோ பதவியின் தொடக்கமே அவ்வாறு அமைந்தது. பழைய மரபு இன்மை இங்குக் குறையன்று. ஒருவகையில் அதுவே பேறாயிற்று.

முடிவுரை

புறநகர் மேயர் பதவி இரு முரண்பட்ட போக்குகளின் விளைவாகும். மன்றங்களின் இசைவைப் பெறாத நிருவாக முடிவு அதனை உருவாக்கியது. சமூக நீதியை நோக்கிய சட்டம் அதன் முதல் உரியவர்களைத் தீர்மானித்தது. ஒன்றைக் கூறி மற்றொன்றை விடுப்பது வரலாற்றைக் குறைத்துரைப்பதாகும். மேயர்களின் வரிசையை 2022இலிருந்து மட்டும் தொடங்கினால், அதற்கு முன் பத்து மன்றங்களை வழிநடத்திய தலைவர்கள் வரலாற்றிலிருந்து மறைவர். ஆதலின் இணைக்கப்பட்ட நகராட்சிகள், பேரூராட்சிகள் ஆகியவற்றின் மன்றத் தீர்மானப் பதிவேடுகளைத் தொகுத்துப் பேணுவது உடனடித் தேவையாகும். புறநகரின் உள்ளாட்சி வரலாற்றை அப்பதிவேடுகளிலிருந்தே முழுமையாக எழுத இயலும்.