சாவு மோளமும் சாம்பா ரெகேயும்

எங்க வீடு திருவொற்றியூர்ல, காலடிப்பேட்டை பக்கம். சின்ன வயசுல சட்டி, கட்ட மோளம் சத்தம் தெருமுனைல கேட்டாலே அம்மா ஜன்னலைச் சாத்திடுவாங்க. "சாவு போவுது, உள்ள வா". நானும் தம்பியும் கதவிடுக்குல நின்னு பாப்போம். அந்த அடிக்கு கால் தானா ஆடும். ஆடினா முதுகுல ஒண்ணு விழும் :)

ரொம்ப வருஷம் கழிச்சு, ரெகே பத்தி தேடித்தேடிப் படிச்சிட்டு இருந்தப்போ இந்த ஞாபகம் திரும்ப வந்துச்சு. பாப் மார்லியால இல்ல. பிரேசில்ல இருக்குற சால்வடோர்ங்கற துறைமுகத்தால.

ரெகேயே ஒரு கலவைதான். கிங்ஸ்டன்ல ஜாஸ் வாசிச்சுப் பழகின ஆளுங்க 1960கள் தொடக்கத்துல ஸ்கா போட்டாங்க. அமெரிக்க வானொலியில வந்த சோல் பாட்டெல்லாம் சேர்ந்து 1966 வாக்குல அது ராக்ஸ்டெடி ஆச்சு, 1968ல ரெகே. (நடுவுல ஒரு சின்ன விஷயம். 1845ல இருந்து ஜமைக்காவுக்குக் கப்பல் ஏத்தின இந்தியக் கூலிகளோடதான் 'கஞ்சா'ங்கற வார்த்தையும் அங்க போச்சு. ரெகேக்காரங்களுக்கு நாம கொடுத்த சீதனம்!)

சால்வடோர் கதை வேற. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளைக் கொண்டாந்து இறக்கின ஊரு. பிரேசில்ல அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது 1888ல. ஆனா அந்த மக்களோட கோயில்ல, அதாவது கண்டோம்ப்ளே வழிபாட்டுல, மோளம் அடிக்கணும்னா போலீஸ்ல பதிவு பண்ணி அனுமதி வாங்கணும். இந்தக் கூத்து 1976 வரைக்கும் நடந்துச்சு. மோளத்தைப் பாத்து அவ்ளோ பயம்.

1974ல அங்க கறுப்பின இளைஞர்கள் 'இலே அயே'ன்னு தங்களுக்குன்னே ஒரு கார்னிவல் குழு ஆரம்பிச்சாங்க. அமெரிக்க சோல் இசையும் அது கூட வந்த 'கறுப்பு அழகு'ங்கற நினைப்பும் அந்தப் பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் 1979ல பெலோரின்யோங்கற பேட்டையில 'ஒலோடும்'. பெலோரின்யோன்னா என்ன அர்த்தம் தெரியுமா? அடிமைகளைக் கட்டி வச்சு சவுக்கால அடிச்ச தூண்! அந்த இடத்துலதான் நெகின்யோ டோ சாம்பாங்கற மோளக்காரர் 1980கள்ல சாம்பாவையும் ரெகேயையும் ஒண்ணா அடிச்சுப் பாத்தாரு. கிடார் கிடையாது. ரெகே கிடார் 'சக்...சக்...'னு வெட்டுற இடத்தைச் சின்ன மோளம் பாத்துக்குச்சு, அடியில பெரிய மோளங்க உருண்டுச்சு. அதான் சாம்பா ரெகே. 1990ல பால் சைமன் ஒலோடுமைத் தன்னோட ஆல்பத்துல வாசிக்க வச்சாரு. 1996ல மைக்கேல் ஜாக்சன் அதே பேட்டைக்குப் போய் அவங்களோட ஆடினாரு. அந்த வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க.

இத பாத்துட்டு நான் யோசிச்சது நம்ம சட்டியைத்தான்.

நம்ம மோளத்துக்கு போலீஸ் அனுமதி தேவைப்படல. சாதியே போதுமா இருந்துச்சு. அடிக்கிறவங்க தலித் மக்கள், அடிக்கிற இடம் சாவு வீடு, அதனால அந்த வாத்தியமே தீட்டுன்னு ஆக்கிட்டாங்க. கானாவும் அதே கதைதான். இறந்தவங்களை நினைச்சு ராத்திரி பூரா பாடுற மரண கானா இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குப் புதுசில்ல. 90கள்ல தேவா தயவுல கானா படத்துக்குள்ள போச்சு, நல்ல பாட்டுங்கதான். ஆனா படத்துல அது பெரும்பாலும் தண்ணியடிக்கிற சீனுக்கும் காதல் தோல்விக்கும்தான்.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் பெயின்ஸ் பள்ளி மைதானம். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி. பா.இரஞ்சித்தின் நீலமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின குழு, மேடையில 19 பேர். கானா, ராப், ராக் எல்லாம் ஒரே சட்டியில (சொல்லாட்டம் தானா வந்துடுச்சு, மன்னிக்க). எல்லாரும் கோட்டு சூட்டு. அம்பேத்கரை நினைச்சுப் பாத்தா ஏன்னு புரியும். குழுவோட பேரு அயோத்திதாசப் பண்டிதர் கிட்ட இருந்து வந்தது. 1891 கணக்கெடுப்புல தங்களைச் சாதியில்லாதவங்கன்னு பதியச் சொன்ன மனுஷன், 1907ல இராயப்பேட்டையில இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினவரு.

இவங்களை ரெகே பேண்டுன்னு சொல்லிட முடியாது. ஆனா ஒலோடும் செஞ்ச அதே வேலை. ஒதுக்கி வச்ச மோளத்தை ஒளிக்காம முன்வரிசைக்குக் கொண்டாந்தாங்க. எனக்கு ஒரு குறை உண்டு. சில பாட்டுல எலக்ட்ரிக் கிடார் ஓவரா ஏறி சட்டியை முழுங்கிடுது. நெகின்யோ மாதிரி கிடாரைக் கொஞ்சம் ஓரங்கட்டியிருக்கலாம்.

இராயபுரத்துப் பொண்ணு இசைவாணி பாடினது இன்னொரு பெரிய விஷயம். கானான்னாலே ஆம்பளைங்க சமாச்சாரம்னு இருந்த இடம் அது. 2020ல பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல அவங்க பேரு வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல 'மார்கழியில் மக்களிசை' ஆரம்பிச்சுது. சபா சீசன்லயே, அதே மாசத்துல, பறையும் கானாவும்!

அந்த முதல் கச்சேரி வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சட்டியை எதுக்குடா மேடையில ஏத்துறாங்க?"ன்னாங்க. பதில் சொல்ல ஆரம்பிச்சேன். அயோத்திதாசர், கணக்கெடுப்பு, பிரேசில்னு நான் போயிட்டே இருக்க, அம்மா எழுந்து அடுப்புல குழம்பைப் பாக்கப் போயிட்டாங்க. வீடியோவை நிறுத்தப் போனேன். "இருக்கட்டும், ஓடட்டும்"னு உள்ளருந்து குரல் வந்துச்சு.